மணலில் மட்டும் தட்டிய படகு

போர்த்திமாவ் படகுத்துறையில் பெல்மீரோவின் தெய்மோசாவைத் தெரியாதவர் கிடையாது. எட்டரை மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு. ஆனால் பெருங்கடலைத் தாண்டுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தது. ஆள் கை வைக்காமலே காற்றைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பிக்கொள்ளும் கருவி, சூரிய மின்தகடுகள், மழைத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் இறக்கும் துணி, புயலுக்கென்றே கெட்டித் துணியில் தைத்த சின்னப் பாய். இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அந்தப் படகு பெருங்கடலுக்குப் போனதில்லை.

பெல்மீரோ தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த வருடம் கிளம்பிவிடுகிறேன் என்பார். இலையுதிர்காலம் வரும்போது ஏதாவது ஒரு சாமான் பாக்கி இருக்கும். தெய்மோசா என்றால் அவர்கள் மொழியில் பிடிவாதக்காரி. பேரை மாற்றினால் படகுக்கு ஆகாது என்று துறையில் எல்லோரும் நம்புவதால், வாங்கியபோது இருந்த பேரையே விட்டுவைத்தார். அந்தப் பேர் படகுக்கு வைத்ததில்லை, வாங்கப்போகிறவனைத் தெரிந்து வைத்தது என்பாள் அவர் மனைவி ஒந்தினா. காலையில் அவரைக் கடைக்கு அனுப்பும்போதுகூட, "யோவ் கேப்டன், ரொட்டி வாங்கக் கிளம்பறியா, இல்ல அதுக்கும் காத்து திரும்பணுமா?" என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொள்வார். கேலி என்றாலும் கேப்டன் என்றுதானே கூப்பிடுகிறாள்.

அந்தச் சொல்லின் மேல் இருந்த ஆசைதான் அவரைக் கெடுத்தது. ஒரு ஆகஸ்ட் மாதப் பகலில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு கரையோரக் குகைகளின் பக்கம் போனார். வேறு துறையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய படகு ஒன்று எதிரே வந்தது. அதிலிருந்தவர்கள் தெய்மோசாவின் வெள்ளை உடம்பையும் நீலக் கோட்டையும் பார்த்துப் படமெடுக்கத் தொடங்கினார்கள். பெல்மீரோ வயிற்றை உள்ளே இழுத்து, தொப்பியைச் சரிசெய்து, அடிவானத்தை அளக்கிறவர் மாதிரி நின்றார். அடிவானத்தை அளந்தவர் எதிரே தண்ணீருக்கடியில் இருந்த பாறையைப் பார்க்கவில்லை. முழு வேகத்தில் போய் மோதினார். உள்ளே சமையல் பாத்திரங்கள் எல்லாம் கொட்டின. அவர் முழங்கால் கதவில் இடித்து வீங்கிப்போனது. எதிர்ப் படகில் ஒரு குழந்தை கைதட்டியது.

படகைக் கரையேற்றியபோதே விஷயம் புரிந்துவிட்டது. இந்த மாதிரிப் படகுகளின் வயிற்றுக்கடியில் ஒரு டன்னுக்கும் மேல் கனமுள்ள இரும்புத் துண்டு ஒன்று மீனின் துடுப்புபோல இறங்கியிருக்கும். எவ்வளவு சாய்ந்தாலும் படகை நிமிர்த்துவது அந்த அடிப்பாரம்தான். அது கழன்றால் படகு கண்மூடித் திறப்பதற்குள் குப்புறக் கவிழும். தெய்மோசாவின் அடிப்பாரம் உடம்போடு சேரும் இடத்தில், பின்பக்கமாக, மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. உள்ளே பலகையைத் தூக்கிப் பார்த்தால் குறுக்குச் சட்டம் ஒன்றும் கீறல் விட்டிருந்தது. அடிப்பாரத்தைக் கழற்றி இறக்கி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, சட்டத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். புத்தகம் படித்தே கேப்டன் ஆனவருக்கு இதுகூடவா தெரியாது? ஆனால் குளிர்காலம் முழுக்க அந்த வேலை இழுக்கும். அதைவிட, பெல்மீரோ பட்டப்பகலில் பாறையில் போய் மோதினான் என்று துறை முழுக்கச் சிரிக்கும்.

விரிசலில் பசையை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிப்பாகம் முழுக்கச் சிவப்புப் பெயிண்ட் இரண்டு கை அடித்தார். பூசி மெழுகுவது என்பார்களே, அதை நிஜமாகவே தன் கையால் செய்தார். முழங்காலைப் பார்த்து ஒந்தினா கேட்டபோது, ஆல்வோர் முகத்துவாரத்து மணலில் தட்டிவிட்டது என்றார். ஆல்வோர் மணலில் தட்டாத படகு அந்தப் பக்கம் கிடையாது. அதில் தட்டுவது அவமானமே இல்லை. அதற்குப் பிறகு அவருக்குப் படகில் ஏறவே மனம் வரவில்லை. முழங்காலைச் சாக்குச் சொல்லி விலைக்குப் போட்டார்.

வாங்க வந்தவள் இவோனி. மருத்துவமனையில் செவிலி, அவள் கணவன் லியாந்த்ரோ பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். இருவரும் வருடக்கணக்காக ஓர் அறையில் குடித்தனம் செய்து இதற்காகவே மிச்சம் பிடித்திருந்தார்கள். இவோனி படகின் ஒவ்வொரு மூலையிலும் தலையை விட்டுப் பார்த்தாள். பார்த்த இடத்திலெல்லாம் வியந்தாள். "கேப்டன், இதையும் நீங்களே பண்ணினதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கேலி இல்லாமல் ஒருவர் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெல்மீரோ உருகிவிட்டார். இறங்கும் நேரத்தில்தான் அவள் அதைக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க கேப்டன், வாங்கறவ கேட்டுத்தான் ஆகணும். இது எப்பவாவது எங்கயாவது தட்டியிருக்கா?"

"மணல்ல மட்டும்தாம்மா. ஆல்வோர்ல."

வாய் கூசாமல் வந்தது. ஒந்தினாவிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். நாக்குக்கு வழி தெரிந்திருந்தது. இவோனி சிரித்து, ஆல்வோரில் தாங்களும் மாட்டியிருப்பதாகச் சொன்னாள். இருந்தாலும் படகைச் சோதித்துச் சொல்கிற ஆள் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பெல்மீரோ முகத்தைக் கொஞ்சம் வாடவைத்துக்கொண்டு, உன் இஷ்டம் என்றார். பிறகு பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி, அந்தச் செலவுக்குப் புதிதாக ஓர் உயிர்காப்புத் தெப்பம் வாங்கினால் உபயோகமாக இருக்கும், இருக்கிற தெப்பம் காலாவதியாகிவிட்டது என்றும் சொன்னார். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. சோதிக்காமலே படகை வாங்கிவிட்டாள்.

படகைத் தண்ணீரில் இறக்கும் நாளில் பழைய உரிமையாளர் வந்து நிற்பதுதான் துறை வழக்கம். முட்டுக்கொடுத்திருந்த இடங்களில் பெயிண்ட் விட்டுப்போயிருக்கும். கிரேன் படகைத் தூக்கி அந்தரத்தில் தொங்கவிடும்போது அவற்றைப் பூசி முடிப்பார்கள். தூரிகையை இவோனி வாங்கிக்கொண்டாள். அடிப்பாரத்தின் கீழே குந்தி உட்கார்ந்து, விரிசல் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பூசினாள். பெல்மீரோ பக்கத்தில்தான் நின்றார். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். கிரேன்காரன் மணி அடித்தான், படகு இறங்கியது. கையில் கொடுத்த ஒயினை அவர் படகின் மூக்கில் கொஞ்சமும் கடலில் கொஞ்சமுமாக ஊற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மதியம் இருவருக்கும் பெல்மீரோ வீட்டில்தான் சாப்பாடு. பிள்ளை இல்லாத ஒந்தினா அந்தப் பெண்ணின் தட்டில் பன்றிக்கறியும் சிப்பியும் அள்ளி அள்ளி வைத்தாள். சாப்பிட்டு எழும்போது இவோனி ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினாள். படகில் ஒரு மஞ்சள் நிற அபாயக் கருவி உண்டு. ஆபத்து வந்து அதை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கடல் மீட்பு மையத்துக்குத் தெரிந்துவிடும், மையம் உடனே பதிவில் இருக்கிற உரிமையாளருக்குப் போன் செய்யும். அந்தப் பதிவு இன்னும் பெல்மீரோ பேரில்தான் இருந்தது. அடுத்த வாரமே மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றவில்லை. படகைக் கொடுத்தாயிற்று, பாயைக் கொடுத்தாயிற்று, அந்த ஒரு பதிவு இருக்கும்வரை எங்கோ ஓரிடத்தில் தெய்மோசா இன்னும் தன்னுடையது என்று ஓர் அற்ப ஆசை.

அக்டோபரில் அவர்கள் கிளம்பினார்கள். அன்றிலிருந்து பெல்மீரோவுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் தோறும் இவோனியிடமிருந்து செயற்கைக்கோள் வழியாகப் போனுக்கு ஒரு வரி வரும்: இருவரும் நலம் கேப்டன், படகு தங்கம் கேப்டன். வரி வரும்வரை அவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வந்ததும் போய்ப் படுத்துக்கொள்வார். பிரிந்துபோன படகை நினைத்து ஏங்குகிறார் என்று ஒந்தினா நினைத்துக்கொண்டாள். பாவம் என்று அவருக்குப் பிடித்த அத்திப்பழ இனிப்பு செய்து கொடுத்தாள். அதைத் தின்னும்போதுதான் அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

கனேரித் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் வழக்கமான வரியோடு ஒரு கேள்வியும் வந்தது. தரைப் பலகைக்கு அடியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் சேர்கிறது, நக்கிப் பார்த்தால் உப்பு, எங்கிருந்து வரும் கேப்டன்?

எங்கிருந்து வரும் என்று பெல்மீரோவுக்கா தெரியாது? படகு அப்போது துறைமுகத்தில் இருந்தது. பக்கத்திலேயே கிரேன் இருக்கும். ஒரு வரி போதும், அவர்கள் படகைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். உடனே படகைக் கரையேற்று என்று எழுதினார். ஏன் என்று கேட்பாளே. அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். கடைசியில் அனுப்பியது இதுதான்: பழைய படகென்றால் நாலு சொட்டு வரும், எஞ்சின் தண்டு வழியாக இருக்கும், பஞ்சால் ஒற்றி எடு.

நன்றி கேப்டன் என்று பதில் வந்தது. கூடவே சிரிக்கிற படம் ஒன்று.

முதல் பொய்க்காவது அவர் மனசுக்குள் ஏதேதோ சப்பைக்கட்டு கட்டி வைத்திருந்தார். அடைத்த பசை நன்றாகத்தானே பிடித்திருக்கிறது, விற்கும்வரை ஒன்றும் ஆகவில்லையே என்றெல்லாம். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. அவர்கள் கனேரியை விட்டுப் பெருங்கடலில் இறங்கினார்கள். மூன்று நான்கு நாட்கள் வரி வந்தது. சனிக்கிழமை வரவில்லை.

ஞாயிறு மதியம் ஒந்தினா கணவாயும் வெள்ளை மொச்சையும் சமைத்திருந்தாள். தட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கடல் மீட்பு மையத்திலிருந்து ஒரு பெண் குரல். தெய்மோசாவின் அபாயக் கருவி விட்டு விட்டுக் கத்துகிறது, இன்றுதான் எங்களுக்குப் பிடிபட்டது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வீட்டில் சாப்பிடுகிறேன் என்று பெல்மீரோ சொன்னதும் அவள் குரலில் ஓர் அலுப்புத் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் கருவியைத் துடைக்கிறேன் என்று பெல்மீரோ தன் கார் கொட்டகையில் வைத்தே அதை அழுத்தி, மையத்தை அலறவிட்டிருந்தார். அது அவர்கள் பதிவில் இருந்தது.

"போன தடவை மாதிரி கொட்டகைலேர்ந்தா சார்?"

இல்லை என்றார். படகை விற்றுவிட்டதையும், அதில் இருவர் இருப்பதையும், கனேரியிலிருந்து மேற்கே போவதையும் சொன்னார். நாற்காலியில் உட்காரப்போன ஒந்தினா நின்றுவிட்டாள். பக்கத்தில் வந்து, ஒலிபெருக்கிப் பொத்தானை அவளே அழுத்தினாள்.

மையத்துப் பெண்ணின் அலுப்புப் போய்விட்டது. பக்கத்தில் போகிற சரக்குக் கப்பல் ஒன்றைத் திருப்புகிறோம், ஆனால் சிக்னல் சரியாக இல்லாததால் இடம் துல்லியமாகத் தெரியவில்லை, பரந்த பரப்பில் கண்ணால்தான் தேட வேண்டும் என்றாள். அந்தப் பகுதியில் காற்றும் அலையும் சாதாரணமாகத்தான் இருக்கின்றன. அதனால் படகுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றும் ஆறுதல் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"படகைப் பத்தி சொல்லுங்க சார். கப்பல்ல இருக்கிறவங்க எதைப் பாத்துத் தேடணும்?"

வெள்ளை உடம்பு, நீலக் கோடு என்று சொன்னால் முடிந்தது. பொய்கூட இல்லை. ஒரு குற்றமும் இல்லாத ஆளாகத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடலாம். கப்பல்காரர்கள் நிமிர்ந்து நிற்கிற வெள்ளைப் படகையும் பாய்மரத்தையும் தேடிக்கொண்டு போவார்கள். பெல்மீரோ வாயைத் திறந்தார். எதிரே ஒந்தினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளையைத் தேடாதீங்க," என்றார். "சிவப்பைத் தேடச் சொல்லுங்க. படகு கவுந்திருக்கும். தண்ணிக்கு மேல அடிவயிறு மட்டும்தான் தெரியும். சிவப்புப் பெயிண்ட். பக்கத்துல தெப்பம் இருக்கும், புதுசு, ஆரஞ்சு நிறம்."

"கடல் அமைதியாத்தானே இருக்கு. கவுந்திருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் அதைப் பாறைல மோதினேன். அடிப்பாரத்துல விரிசல். மறைச்சு வித்துட்டேன்."

அந்தப் பெண் அவர் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டாள். சரி என்றார். விமானமும் அனுப்பச் சொல்கிறேன், போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒந்தினா இரண்டு தட்டையும் எடுத்து, சாப்பாட்டை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

"எங்கிட்டயும் மணல்னுதான் சொன்ன," என்றாள். "அந்தப் பொண்ணு இந்த மேசைலதான்யா உக்காந்து சாப்பிட்டா. எங்கையால போட்டேன்."

தண்ணீர் கசிகிறது என்று இவோனி கேட்டதையும் தான் எழுதிய பதிலையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சொல்லாமல் போனை ஒந்தினா பக்கமாகத் தள்ளினார். அவளே படித்துக்கொண்டாள். படித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெல்மீரோ சாயங்காலம்வரை அதே நாற்காலியில் இருந்தார். கடவுளை அதிகம் தொந்தரவு செய்கிற ஆள் இல்லை அவர். அன்று செய்தார். என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவர்கள் இருவரையும் விட்டுவிடு என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

இருட்டுவதற்கு முன்னால் போன் வந்தது. இருவரும் உயிரோடு கிடைத்துவிட்டார்கள். கப்பல் அவர்களைக் கேப் வெர்டி தீவில் இறக்கிவிடும். பெல்மீரோ முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சமையலறைக் கதவு திறந்தது, ஒந்தினா செய்தியைக் கேட்டுக்கொண்டாள், கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

சில நாட்கள் கழித்து இவோனியே கூப்பிட்டாள். பெல்மீரோ அந்த அழைப்புக்குப் பயந்துதான் இருந்தார். மையத்தார் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள், காறித் துப்பப்போகிறாள், துப்பட்டும் என்று மனதைக் கெட்டிப்படுத்திக்கொண்டு எடுத்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உங்க படகைத் தொலைச்சிட்டேன் கேப்டன். எத்தனை வருஷம் பாத்துப் பாத்துச் செஞ்சீங்க. என்னை மன்னிச்சிடுங்க."

அவள் நிறுத்தாமல் பேசினாள். சனிக்கிழமை விடிகிற நேரத்தில் அடியில் வெடிபோல ஒரு சத்தம் கேட்டதாம். அடுத்த நொடி கூரை இருந்த இடத்தில் தண்ணீர் நின்றதாம். திமிங்கலமோ, கப்பலிலிருந்து விழுந்து மிதந்த பெட்டியோ, எதிலோ தான்தான் கவனமில்லாமல் மோதிவிட்டதாக அவள் நம்பினாள். லியாந்த்ரோவின் கையில் எலும்பு முறிந்திருந்தது. ஆனாலும் தெப்பம் ஒரே இழுப்பில் விரிந்ததாம்.

"நீங்க சொல்லித்தானே கேப்டன் அந்தத் தெப்பத்தை வாங்கினோம். அது மட்டும் இல்லேன்னா... அந்தக் கருவியையும் நீங்க மாத்தாம விட்டது நல்லதாப் போச்சு. எங்க பேர்ல இருந்தா வீட்டுல போன் எடுக்க யாரு இருக்கா?"

சமையலறை வாசலில் ஒந்தினா வந்து நின்றிருந்தாள். அவள் ஜாடைகூடக் காட்டவில்லை. பேசு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இவோனி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கப்பல் மாலுமிகள் சொன்ன ஒன்றுதான் இருவருக்கும் புரியவே இல்லை என்றாள். சிவப்பாக ஏதாவது மிதக்கிறதா என்றுதான் தேடிக்கொண்டு வந்தார்களாம். சிவப்பைத்தான் முதலில் பார்த்தார்களாம், அதற்குப் பிறகுதான் தெப்பத்தை. யாரோ கரையிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம்.

"நீங்கதானே சொன்னீங்க கேப்டன்? வேற யாருக்குத் தெரியும் அடி சிவப்புன்னு." அவள் குரலில் நன்றி ததும்பியது. "ஆனா கவுந்திருக்கும்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

அனுபவம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பாள்.

"இவோனி," என்றார். "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, எங்கயாவது தட்டியிருக்கான்னு. மணல் இல்லம்மா. பாறை."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தார். இல்லை, மூச்சு கேட்டது.

"தண்ணி கசியுதுன்னு கேட்டேனே," என்றாள் கடைசியில், மெதுவாக. "அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

தூரத்தில் லியாந்த்ரோவின் குரல் கேட்டது. யாரு, கேப்டனா, நானும் ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணும், இப்படிக் குடு என்று கேட்டுக்கொண்டே அவன் பக்கத்தில் வந்தான்.

"இல்ல," என்றாள் இவோனி. "படகை வித்த ஆளு."